ஐந்தாவது பலூன்

போன கிழமை கோயில் திருவிழாவில், பலூன் சுடும் கடையில் கைத்துப்பாக்கியை வாங்கிக்கொண்டு என் மகன் "அம்மா, பாருங்கோ" என்றான். அதைப் பறித்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காரணம் கேட்டான். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். சித்தியின் கணவர் கொழும்பில் பொலிஸில் இருந்தவர். இனக் கலவரத்துக்குப் பிறகு வேலையை விட்டு, எங்கள் ஊர் முரசுமோட்டைக்கு வந்து வயல் செய்தார். பொலிஸில் இருந்தவர் என்று தெரிந்தாலே உளவாளி என்று ஆயுத இயக்கக்காரர் சுட்டுவிடக்கூடிய காலம் அது. ஆகவே ஊருக்கு அவர் கொழும்பில் பலசரக்குக் கடையில் நின்றவர். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருடத் திருவிழாவிலும் இதே மாதிரி ஒரு கடை. ஐந்து பலூனையும் உடைத்தால், கண் மூடித் திறக்கும் பொம்மை. எல்லோரும் கையை நீட்டி நீட்டிச் சுட்டார்கள். துப்பாக்கி நுனி ஈ பறப்பதுபோல அலைந்தது, பலகைதான் அடிவாங்கியது. நான் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பிள்ளை, உது எனக்குச் சரிவராது."

"பிள்ளை கேக்குதெல்லே, வாங்கோ அண்ணை," என்றார் கடைக்காரர். "சும்மா சுட்டுப் பாருங்கோ. நானும் பிழைக்க வேணும்."

துப்பாக்கி கைக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த சித்தப்பா காணாமல் போனார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை, பிடியின் உச்சியில் இடைவெளியே இல்லாமல் பொருந்தியது. மிச்சமிருந்த பக்கத்தை இடக்கை வந்து அணைத்து மூடியது. பெருவிரல்கள் இரண்டும் ஒரே பக்கமாக முன்னோக்கிப் படுத்தன. மற்றவர்கள் விசையை வெடுக்கென்று இழுத்தார்கள். அவருடைய விரல் மட்டும் மெல்ல மடங்கியது. வேறெதுவும் அசையவில்லை. பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. நான்கு போய்விட்டன. தேர் அசைந்து வருவதைப் பார்ப்பதுபோல அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் சைக்கிளில் சாய்ந்து நின்ற இளைஞர் இருவரில் ஒருவன் கேட்டான்: "என்ன அண்ணை, கடையிலை சீனி நிறுத்துக் குடுத்த கை இப்பிடி ஆடாமல் நிக்குமோ?"

சனம் சிரித்தது. மற்ற இளைஞன் சிரிக்கவில்லை.

சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. இடக்கை துப்பாக்கியை விட்டு விலகியது. ஒற்றைக் கையில் தொளதொளவென்று பிடித்து, விசையை வெடுக்கென்று இழுத்தார். குண்டு எங்கேயோ மேலே போய்க் கூரைத் தகரத்தில் 'டங்' என்று பட்டது.

"நாலும் குருட்டுவாக்கிலை பட்டது தம்பி," என்று பல்லைக் காட்டினார். இப்போது இருவருமே சிரித்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். மிச்சக் காசை வாங்காமலே நடந்தார். பொம்மை கிடைக்காத கவலையாக்கும் என்று எண்ணி நான்தான் தேற்றினேன்: "பறவாயில்லை சித்தப்பா. நீங்கள் எவ்வளவு வடிவாச் சுட்டனீங்கள் எண்டு நான் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லுறன்."

அந்தச் சனத்துக்கு நடுவில், வெள்ளை வேட்டியோடு மண்ணில் முழங்கால் ஊன்றி, என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"வேண்டாம் குஞ்சு. ஒருத்தருக்கும் சொல்லாதை."

இவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் தன்னைப் பற்றிப் புழுகத் தெரியாத மனிதர் என்று, அன்று எனக்கு அவர்மேல் இன்னும் பெருமையாக இருந்தது.