கரை மறைந்த சிவப்புச் சேலை

புளியங்கூடலில் கத்தரீனாக்காவுக்குச் சாமான் இரவல் கொடுத்தவர்கள் அதை மறந்துவிடுவதுதான் வழக்கம். எங்கள் வீட்டுத் தேங்காய் துருவி அவவின் குசினிக்குப் போய் ஆறு வருடம். கேட்டால், "இடம்பெயரேக்க வீட்டையே விட்டிட்டு ஓடினனாங்கள், நீ துருவிக்கு அழுறாய்" என்பா.

நான் லியோன் அண்ணையின் ஸ்ரூடியோவில் படம் திருத்துகிறேன். போன மாதம் கத்தரீனாக்கா தன் கலியாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துவாயில் சுற்றிக்கொண்டு வந்தா.

"பிள்ளை, இதைக் கறுப்பு வெள்ளை ஆக்கு."

படத்தில் அவ பச்சைக்கரை போட்ட சிவப்புப் பட்டுச் சேலையில் நின்றா.

"வடிவான கலர் படமெல்லே அக்கா?"

"அதுதான் கரைச்சல்." குரலைத் தணித்தா. "சீலை ஜெனீற்றாவின்ரை. இடம்பெயர்வில துலைஞ்சு போச்செண்டு சொன்னனான். அவ வெளிநாடு போனாப் பிறகு உடுத்தனான். முப்பது வருசமாப் படத்தை அவவின்ர கண்ணில காட்டேல்லை. ஞாயிறு வாறா."

ஜெனீற்றா அவவின் தமக்கை.

ஸ்கான் பண்ணி நிறத்தை எடுத்தேன். கரை அப்போதும் தனியாகத் தெரிந்தது; சேலைக்குச் சொந்தக்காரி கண்டால் அடையாளம் பிடித்துவிடுவா. கணினித் திரையில் சிவப்பை மட்டும் இருட்டாக்கும் பட்டையை மவுஸால் இழுத்தேன். சேலை கறுத்துக் கறுத்துக் கரையோடு ஒன்றாகியது. ஆனால் தோலின் நிறத்திலும் சிவப்பு கலந்திருப்பதால், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை பத்திநாதர் அண்ணையும் தார்ப் பீப்பாவுக்குள் விழுந்து எழும்பினவர் போலானார்.

"அக்கா, அண்ணையின்ர முகம்…"

"அந்தாள் கறுத்தாப் பரவாயில்லை. கரை மறையட்டும். என்ர முகத்தை மட்டும் வெளுப்பாக்கிவிடு."

லியோன் அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே சட்டமும் சுத்தியலும் கொண்டுபோய்ப் படத்தை மாட்டினேன். ஏணியால் இறங்குமுன் ஜெனீற்றா அக்கா வந்துவிட்டா. கதிரையில்கூட இருக்கவில்லை. நேரே படத்தடியில் போய் நின்றா.

"என்னடி, கறுப்பு வெள்ளை?"

"கலர் மங்கிப் போச்சக்கா. ஸ்ரூடியோப் பிள்ளைதான் இப்பிடிக் காப்பாத்தினது."

"சீலை என்ன நிறம்?"

கத்தரீனாக்கா கண் வெட்டவில்லை. "நீலம்."

நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜெனீற்றா அக்காவின் முகம் சுருங்கியது. கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தா.

"என்ர சிவப்புச் சீலையை நீதான் அமத்திப் போட்டாயெண்டு நினைச்சனான். அந்தக் கோவத்தில உன்ர கல்லுத்தோட்டை எடுத்துக்கொண்டு போனனான். இந்தா. மன்னிச்சுக்கொள்."

"ஐயோ அக்கா, அதுவும் இடம்பெயர்வில துலைஞ்சதெண்டெல்லோ இருந்தனான்!" என்ற கத்தரீனாக்கா, தோட்டை வாங்கி அந்த இடத்திலேயே காதில் போட்டுக்கொண்டா.

அந்த நேரம் உள்ளே வந்த பத்திநாதர் அண்ணை படத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"ஆர் இந்தக் கறுவல்?"

"நீங்கள்தான். வெயிலுக்குள்ள நிண்டனீங்கள்" என்றா கத்தரீனாக்கா.

நான் மெல்ல நழுவினேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது. சுத்தியல் அங்கே இருக்கிறது. இனி அங்கேதான் இருக்கும்.