வளைகாப்புக்கு எலுமிச்சை பிஸ்கட்

எங்கள் வீட்டு ஓவனுக்குள் ரொம்ப நாளாக அப்பளக் கட்டும் வடகமும்தான் குடியிருந்தன. ஆசைப்பட்டு வாங்கியது நான்தான். வாங்கிய புதிதில் ஒரு கேக் செய்தேன். நடுவில் களியாகவும் ஓரத்தில் கரியாகவும் வந்தது. அதோடு ஓவனுக்குத் துணியைப் போர்த்தி ஃபிரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டேன். மறுபடி இறக்கியது என் நாத்தனாருக்காக.

அவள் என் கணவரின் தங்கை. பேரையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். என் மாமியார் இறந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து சீர்வரிசை வைத்தது வரை தாய் இடத்தில் நின்றது நான். அதை அவ்வப்போது சொல்லிக்காட்டுவதும் நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து எடுத்து எனக்குப் பொறுமை என்பதே இல்லாமல் போய்விட்டது. கோபம் வந்தால் வாய் நிற்காது. அவளுக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அவளுடைய முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதம் கலைந்தது. அதற்குப் பின் அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. இரண்டாவது தடவை உண்டானபோது எங்களுக்கே ரொம்பத் தாமதமாகத்தான் சொன்னாள். ஆறாம் மாதம் இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சுகர் இருக்கிறது என்றார்கள். கர்ப்பத்தில் சிலருக்கு வருவதுதான், சாப்பாட்டில் கவனமாக இருந்தால் சமாளித்துவிடலாம் என்று டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். இவள் காதில் 'சுகர்' என்ற ஒரு சொல் மட்டும்தான் விழுந்தது.

சர்க்கரையை நிறுத்தினாள். அது சரி. பிறகு சோற்றை நிறுத்தினாள், இட்லியை நிறுத்தினாள், பழத்தை நிறுத்தினாள். ஒவ்வொரு கவளத்துக்கு முன்னும் தட்டை அப்படிப் பார்ப்பாள், பரீட்சைத் தாளைப் பார்க்கும் பிள்ளை மாதிரி. விரலில் குத்திப் பார்க்கும் மிஷினை முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தாள். அடுத்த செக்கப்பில் எடை குறைந்திருந்தது. டாக்டரம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது.

"சுகரைக் குறைன்னுதாம்மா சொன்னேன். சாப்பாட்ட நிறுத்தச் சொன்னேனா? உள்ள இருக்கது வளர வேணாமா?"

செக்கப் முடிந்தால் ஆரப்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்சம் படுத்துவிட்டு, பிறகு பஸ் ஏறுவாள். அன்றைக்கு வந்தவள் கையில் ஒரு எலுமிச்சம்பழம். பஸ்ஸில் குமட்டாமல் இருக்க மோந்துகொண்டு வந்தது. வீட்டுக்குள் வந்து படுத்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது, இந்த வாசனை ஒன்றுதான் பயமில்லாமல் இருக்கிறது என்றாள். நான் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவள் படுத்திருக்கும்போதே பேரையூரிலிருந்து அவள் மாமியார் போன் செய்தார். போன தடவை வளைகாப்பு வரைக்கும் வரவில்லை, இந்தத் தடவை ஏழாம் மாதத்திலேயே செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இவளோ வேண்டவே வேண்டாம் என்றாள். காரணம் கேட்டேன். மெதுவாகச் சொன்னாள்.

"வாரவுக எல்லாம் வாயில இனிப்பு வைப்பாக மதினி. வேணாம்னு சொன்னா அவுக மனசு சங்கடப்படும். தின்னா பிள்ளைக்கு ஆகாது. நான் என்ன செய்ய?"

எங்கள் பக்கத்து வளைகாப்பில் இது ஒரு முறை. கன்னத்தில் சந்தனம் தடவி, வளையல் அடுக்கி, ஒவ்வொரு பெண்ணும் ஒரு வாய் இனிப்பு ஊட்டிவிட வேண்டும். பிள்ளைத்தாச்சி வாயை மூடிக்கொண்டால் ஊட்ட வந்தவருக்கு முகம் செத்துவிடும். அப்போதும் அந்த எலுமிச்சம்பழம் அவள் கையில்தான் இருந்தது.

"சுகர் ஏறாத இனிப்பு ஒண்ணு நான் செஞ்சு கொண்டு வாரேன். அத மட்டும் எல்லாரும் ஊட்டட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் செல்போனில் தேடினேன். பாதாம் மாவு, வெண்ணெய், எலுமிச்சைத் தோல், சீனிக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பொடி. கோதுமையும் கிடையாது, மைதாவும் கிடையாது. வாயில் வைத்தால் உதிர்கிற பட்டர் பிஸ்கட் ஜாதி. அந்தப் பொடி கர்ப்பிணிக்கு ஆகுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டேன். கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லை என்றார்கள்.

வீடியோவில் அந்த அம்மாள் கையில் இருந்த எலுமிச்சை சாத்துக்குடி தண்டிக்குப் பெரிதாக இருந்தது. தோல் தடிமனாக, மேலே இருக்கும் மஞ்சளை மட்டும் பூப்போலத் துருவினாள். நம்மூர் எலுமிச்சையோ சின்னது, தோல் காகிதம் மாதிரி. கேரட் துருவியில் தேய்த்ததில் வெள்ளைத் தோலும் சேர்ந்து வந்தது, என் விரல் நகமும் சேர்ந்து வந்திருக்கும். பாதாமை மிக்ஸியில் கொஞ்சம் கூடுதலாக ஓட்டிவிட்டேன். எண்ணெய் கக்கி உருண்டுவிட்டது. முதல் தட்டு பிஸ்கட் வேப்பங்கொழுந்து கசப்பு. என் கணவர் ஒன்றைக் கடித்துவிட்டு, முகம் மாறாமல், "வயித்துப்பூச்சிக்கு நல்லது" என்றார். அவருக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு பழைய குழம்புதான்.

இரண்டாவது தட்டுக்கு மேல் மஞ்சளை மட்டும் பார்த்துத் துருவியதில் கசப்பு போய்விட்டது. ஆனால் வேறு வினை வந்தது. ஓவனிலிருந்து எடுத்ததும் ஒன்றைத் தொட்டேன், உடைந்தது. இன்னும் வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளினேன். எடுத்தேன், அமுக்கினேன், உடைந்தது. மறுபடி தள்ளினேன். கடைசியில் கருகின தூள்தான் மிஞ்சியது. முறுக்கானாலும் வடையானாலும் சட்டியிலிருந்து எடுத்த கையோடு விரலால் தொட்டுப் பார்த்து, மொறுமொறுவென்று இருந்தால்தான் வெந்தது என்று நம்புகிற கை இது. எண்ணெய்ச் சட்டி முன்னால் வளர்ந்த கைக்கு வேறு பாடம் தெரியாது.

மூன்றாவது தட்டும் தொட்டதும் உடைந்தது. எனக்கு வந்த கோபத்தில் தட்டை மேடையில் டங்கென்று வைத்துவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் பாவம். சாயங்காலம் வந்து, குப்பையில் கொட்டலாம் என்று தட்டைச் சாய்த்தேன். பிஸ்கட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டு நகர்ந்தன. ஒன்றை எடுத்தேன், முழுசாக வந்தது. ஆறினால்தான் இறுகுமாம். வீடியோவில் அந்த அம்மாள் கடைசியில் அதைச் சொல்லியும் இருக்கிறாள். அதுவரை பார்க்க எனக்கு எங்கே பொறுமை இருந்தது.

அடுத்த செக்கப்புக்கு வந்த நாத்தனாரிடம் ஒன்றைக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

"வளைகாப்பு அன்னைக்குத் தின்னுறேன் மதினி. தின்னுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்திப் பாப்பேன். அளவுக்குள்ள இருந்தா வளையல் போட்டுக்கிறேன். இல்லைன்னா எனக்கு வளையலே வேணாம். பொறந்த பிறகு பாத்துக்கிறலாம்."

வளையல் அடுக்கிய பிறகுதான் ஊட்டுவது வழக்கம். இவள் சொன்னது தலைகீழ். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சரி என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவள் மாமியாரிடம் முன்கூட்டியே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. செருப்பு வாங்கக்கூட நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிற மனுஷி அவர்.

விசேஷத்தன்று கலவைச் சாதங்கள், வளையல், பூ எல்லாம் வேனில் பின்னால் போக, பிஸ்கட் டப்பா மட்டும் என் மடியில் வந்தது. உசிலம்பட்டி தாண்டி எந்த வேகத்தடை வந்தாலும் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டேன். "பிள்ளைத்தாச்சியக்கூட இப்பிடிக் கூட்டிட்டுப் போக மாட்டாக" என்றார் என் கணவர்.

பேரையூர் வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். தட்டு நிறைய அதிரசமும் லட்டும் இருந்தன. நான் டப்பாவைத் திறந்து, இது சுகர் ஏறாத இனிப்பு, முதலில் இதை ஊட்டிவிட்டு வளையலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வளைகாப்புக்கு பிஸ்கட்டா?" என்று ஒரு குரல் கேட்டது. நாத்தனாரின் மாமியார் ஒரு பிஸ்கட்டை எடுத்து, விண்டு, கீழே உதிராமல் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு முதல் வாயை அவரே ஊட்டினார். பிறகு எல்லாரும் வரிசையாக ஆளுக்கொரு துணுக்கு ஊட்டினார்கள். இவள் ஒவ்வொன்றையும் கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினாள்.

அடுத்து வளையல் தட்டு வந்தது. மாமியார் கையைப் பிடித்தார். இவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

நான் எழுந்து, வாயில் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குத்திப் பார்க்கப்போவதையும், இரண்டு மணி நேரம் கழிக்க வேண்டும் என்பதையும், அதுவரை வளையல் வேண்டாம் என்பதையும். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. யாரோ அதைச் சொல்லவும் சொன்னார்கள். என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், பொறந்த வீட்டுக்காரி என்ன இப்படிப் பேசுகிறாள் என்று.

மாமியார் வளையல் தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு ஆத்தா. போன தடவையிலருந்து நானும் ராத்திரி ஒழுங்காத் தூங்கல. நல்ல நேரம் அந்த மிஷின்ல வரட்டும். இருப்போம்."

இருந்தோம். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இவளைத் தவிர மற்றவர்களுக்குச் சாப்பாடு முடிந்தது. டீ வந்தது. பெண்கள் ஆளுக்கொரு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினார்கள். முக்கின பாதி அப்படியே கரைந்து டம்ளருக்குள் போனது. "இது என்னத்தா, எடுத்து வாயில வைக்கதுக்குள்ள காணாமப் போகுது" என்று ஒருவர் டம்ளரைச் சாய்த்துப் பார்க்க, நான்கூடச் சிரித்தேன். இவள் மட்டும் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து மிஷினை எடுத்தாள். விரலை என்னிடம் நீட்டினாள், நான்தான் குத்தினேன். பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் சுற்றி நின்றார்கள். மாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிஷின் கீச்சென்றது. டாக்டரம்மா சொன்ன அளவுக்குள்தான் இருந்தது, நன்றாகவே உள்ளே. அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியது நான். எப்போதும் ஓயாத வாய், அன்றைக்குத் திறக்கவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். நம்பர் என்ன என்றுகூடக் கேட்காமல் வளையலை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். இவள் விரலை மடக்கவில்லை.

இரண்டு கையும் நிறைந்த பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"மதினி, அதுல இன்னொண்ணு இருக்கா?"

இத்தனை வாரத்தில் அவளாக வாய்விட்டு ஒரு சாப்பாட்டைக் கேட்டது அதுதான். டப்பாவைத் திறந்தேன். டீயில் முக்கியே தீர்த்துவிட்டிருந்தார்கள். அடியில் தூள்தான் கிடந்தது. மாமியார் டப்பாவை வாங்கி, மூலையெல்லாம் தட்டி, அந்தத் தூளை அவள் உள்ளங்கையில் கொட்டினார். வளையல்கள் முழங்கை வரை சரிய, கையைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டாள். விரலில் ஒட்டியதையும் நக்கினாள். மிஷின் பக்கத்திலேயே கிடந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.