கண்ணாடி மேல் கவிழ்த்த படம்

திருவனந்தபுரத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை வருடமாகியும் என் திருநெல்வேலி வாய்க்கு அது நினைவிருப்பதில்லை. வீட்டுக்கு ஸ்கேனர் வாங்கப் போன கடையில், வேகமான மெஷினையே கடைக்காரர் திரும்பத் திரும்பக் காட்டியபோது, “எனக்கு அவசரம் இல்லை” என்றேன். அவர் முகம் மலர்ந்து, “அவசரம் உண்டு சேச்சி. ஆஃபர் நாளெ வரெ உண்டு” என்றார்.

அவர் காட்டியது தாள்களை உருளைக்குள் இழுத்துக்கொள்ளும் ரகம். ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் நொடியில் முடியும் என்று சொல்லி, என் கையிலிருந்த படத்தையே வைத்துக் காட்டக் கை நீட்டினார். நான் படத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அட்டையில் ஒட்டிய பழைய படம் அது. உருளைக்குள் போனால் ஒடிந்துவிடும்.

படத்தில் இருப்பது அம்மா. தலையில் ஹெட்போன் மாட்டி, திருநெல்வேலி டெலிபோன் ஆபீஸில் சுவிட்ச்போர்டு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போகிற மருமகள் என்பதே அப்பா வீட்டாருக்கு மானக்கேடு. அதனால் அந்தப் படம் ஆல்பத்தில் ஏறியதே இல்லை. டிரங்குப் பெட்டியில் விரித்த தாளுக்கு அடியில் கிடந்தது. திருநெல்வேலி வீட்டை விற்றபோது அண்ணன் கல்யாணப் படங்களை எடுத்துக்கொண்டான். “ஏட்டி, இது எதுக்கு ஒனக்கு? குப்பையில போடு” என்றான். நான் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். இங்கே நாங்கள் இருக்கும் ஸ்ரீவராகத்து மழை ஈரத்தில் அதன் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. போனில் எடுத்தால் போதாதா என்றார் என் வீட்டுக்காரர். எடுத்துப் பார்த்தோம். டியூப்லைட் வெளிச்சம் சரியாக அம்மாவின் முகத்தில் விழுந்து, முகமே இல்லாமல் போயிற்று. அவளை மறைத்தவர்கள் போதும் என்று தோன்றியது.

கடையின் கீழ்த்தட்டில், கண்ணாடி மேல் படத்தைக் கவிழ்த்து மூடியை மூடுகிற ஸ்கேனர் ஒன்று இருந்தது. மெதுவானது, விலையும் குறைவு. யாரும் இதை வாங்குவதில்லை என்றார் கடைக்காரர். அதையே எடுத்தேன்.

அன்று மாலையே ஸ்கேன் செய்தேன். வெளிச்சம் ஊர்ந்து முடிந்ததும் அம்மா திரையில் வந்தாள். காதோரம் கலைந்த முடிகூடத் தெரிந்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் நித்யா, “ஆச்சி ஜோலிக்குப் போயிருந்தோ? இத்ர நாள் ஏன் பறயல்ல?” என்றாள். பதில் சொல்வதற்கு முன், ‘எங்கள் அம்மா, டெலிபோன் ஆபரேட்டர்’ என்று எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டேன்.

அண்ணன் உடனே கூப்பிட்டான். “அப்பா வீட்டு ஆளுவ எல்லாரும் பாக்காவ. அதை எடுத்துரு.”

“எடுக்க மாட்டேண்ணே. நல்லாப் பாக்கட்டும்.”

போனை வைத்தேன். படத்தை எடுக்கவில்லை.

கணினியில் அந்தப் படத்துக்கு ‘முத்துலட்சுமி’ என்று அம்மாவின் பெயரையே தமிழில் வைத்தேன். நித்யாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவள் ஒரு பிரதி எடுத்து மலையாளத்தில் அதே பெயரை எழுதிச் சேமித்தாள். இப்போது பட்டியலில் தமிழ் எழுத்து வரிசையில் ஒரு முத்துலட்சுமியும், தள்ளிக் கீழே மலையாள வரிசையில் இன்னொரு முத்துலட்சுமியும் இருக்கிறார்கள். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். இருவரையும் அப்படியே வைத்திருக்கிறேன்.