நாலரை மணி முகூர்த்தம்

‘தப்பு: தங்கச்சி. காரணம்: பசி.’ அக்கா எழுதிவைத்த குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இப்படித்தான் தொடங்கும். காரைக்காலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், இணையதளம் செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம் அது. நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஒரு வயது மூத்தவர், அவ்வளவுதான். அவர் கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருவார், நான் கோவில்பத்திலிருந்து. ஏதாவது பழுதைச் சரிசெய்தால், அந்த நிரல் வரிகளை ஒரு பொதுக் கோப்பில் சேர்த்து, மேலே யார் செய்த தப்பு என்றும் எழுதிவிட வேண்டும். அக்கா கொண்டுவந்த வழக்கம் இது. மறைத்தால் அதே தப்பு மறுபடியும் வரும் என்பார். நான் ஓர் அரைப்புள்ளியை விட்டதற்குத்தான் அந்தப் ‘பசி’. அன்று அவர் டப்பாவிலிருந்த வறுத்த மீன் முழுவதையும் நானே தின்றேன்.

பிறகு ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் பக்கம் எழுதினேன். சர்வரின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருந்தது. அதை நம் நேரத்துக்கு மாற்றும் வரிகளை அவசரத்தில் விட்டுவிட்டேன். பத்து மணி முகூர்த்தம் போட்டுச் சோதித்தேன். தேதி சரியாகவே வந்தது. நம் ஊரில் விடியற்காலை நாலரைக்கும் தாலி கட்டுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்படி ஒரு கல்யாணம் ஐந்தரை மணி பின்னால் நகர்ந்து, முந்தின நாள் இரவு பதினொன்று என்று முந்தின தேதியில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையான நாள் காலியாகத் தெரிய, இன்னொரு குடும்பமும் அதே நாளைப் பதிந்தது. இரண்டு வீட்டிலும் பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

மண்டபக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். முதலாளி எங்களை ஒன்றும் கேட்காமல் நேராக அந்தக் கோப்பைத் திறந்தார். அதற்குள் அக்கா பழுதைச் சரிசெய்து குறிப்பும் எழுதிவிட்டிருந்தார்: ‘தப்பு: அக்கா. காரணம்: கவனக்குறைவு.’ அப்பா படுத்த படுக்கையாகி, என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடுகிறது என்று அக்காவுக்குத் தெரியும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னார் முதலாளி. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சொன்னாலும் அது கோழைத்தனம்தான்.

இப்போது வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். எந்தச் சந்தேகம் கேட்டாலும் கணினியே நொடியில் விடை சொல்லிவிடுகிறது. என்னைக் கேலி செய்யத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. பழைய அலுவலகத்தை விட்டு வருகிறபோது நகலெடுத்து வந்த அந்தக் கோப்பை, தேவை இல்லாமலே திறந்து படிப்பேன். அக்காவை நினைக்காத நாள் இல்லை. போன வாரம் யார் யாரிடமோ கேட்டு அவர் எண்ணை வாங்கினேன். மண்டபக் குறிப்பில் ‘அக்கா’ என்பதை அழித்து, ‘தங்கச்சி’ என்று மாற்றி, கீழே இருந்த நிரல் வரிகளோடு அதை மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது.

“அந்த நிரல்ல ரெண்டாவது வரி இப்ப வேலைக்கு ஆவாதுடி, மாத்திக்க. அன்னைக்கு மாடிப்படியில கொஞ்ச நேரம் நின்னேன். நீ வெளிய வருவேன்னு நெனச்சேன்.”