ரயில் பலகையும் பதினேழு குறிப்புகளும்

மஸ்கட்டிலிருந்து என் கணவரை விமானம் ஏற்றிவிட்டவர்கள், அவருடைய இரண்டு பெட்டிகளோடு ஓர் அட்டைப்பெட்டியையும் அனுப்பியிருந்தார்கள். கேம்பில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் கொடுத்தது. மூடியில் புகைவிடும் ரயிலின் படம். உள்ளே மடித்த வரைபடப் பலகை, ஐந்து நிறங்களில் விரல் நகம் அளவு பிளாஸ்டிக் ரயில் பெட்டிகள், இரண்டு கட்டுச் சீட்டுகள், ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம். அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு நான் மறந்துபோனேன். 2012-ஆம் ஆண்டின் மழைக்காலம் அது. நினைக்க வேறு விஷயங்கள் இருந்தன.

அவர் அங்கே சாரம் கட்டும் குழுவுக்கு ஃபோர்மேன். பதினைந்து மாடி உயரத்தில் குழாய்கள்மேல் நடக்கிற வேலை. ஒரு காலையில் கேம்பின் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, எங்கள் ஊர் கடியப்பட்டணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கை கால் தப்பியது. பேச்சும் தப்பியது. ஆறு மாதத்துக்குள் மருத்துவச் சான்றிதழோடு வந்தால் பழைய வேலை உண்டு என்று கம்பெனி சொல்லியிருந்தது.

நாகர்கோவிலில் நாங்கள் பார்த்த மருத்துவர் ஒரு பெண். கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்.

"புண்ணு ஆறினதுக்கு அப்புறமும் சிலருக்குக் கொஞ்ச நேரம் நினைவு அப்படியே நின்னுபோகும். விழமாட்டாங்க, கத்தமாட்டாங்க. பக்கத்துல இருக்கவங்களுக்கே தெரியாது. வரிசை தப்புதா, கேட்டதையே கேக்கிறாரா, பார்த்து எழுதி வைங்க. அதைப் பார்த்துத்தான் சர்டிபிகேட் குடுப்பேன். உயரத்துல ஏறுற ஆளு. அஞ்சு நொடி போதும்மா."

அந்த ஐந்து நொடிதான் அதன்பிறகு என் வீட்டில் குடியிருந்தது.

எழுதுவது எனக்குப் பழக்கம். ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வருகைப் பதிவேடுகளும் சேர்க்கைப் பதிவேடும் என் பொறுப்பு. வீட்டில் பதினெட்டு வயது முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நீள நோட்டு வாங்கி நாள், கிழமை, நேரம், நடந்தது என்று நான்கு கோடு போட்டேன். அவர் கண்ணில் படாமல் சமையலறையில் மாவு டின்னுக்குப் பின்னால் வைத்தேன். ஆனால் எழுத என்ன இருக்கிறது? மகள் பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் சாப்பிட்டார், குளித்தார், கடற்கரைக்குப் போய் வள்ளங்கள் கரையேறுவதைப் பார்த்துவிட்டு வந்தார். சும்மா இருக்கிறவர் எதில் தப்பு செய்வார்? இரண்டு வாரம் நோட்டு வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை என்னால் நம்ப முடியவில்லை. அப்போதுதான் அலமாரிமேல் இருந்த பெட்டி ஞாபகம் வந்தது.

விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நான்கு மாலைகள் படித்தேன். பலகையில் ஐரோப்பாவின் ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கட்டம் கட்டமாக ரயில் பாதை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். அதே நிறச் சீட்டுகளைத் தேவையான எண்ணிக்கையில் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பாதையில் நம் பெட்டிகளை வைக்கலாம். யாரும் பார்க்காதபடி கையில் சில பயணச்சீட்டுகள் இருக்கும். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு என்று. பாதையை முடித்தால் புள்ளி கூடும், முடிக்காவிட்டால் குறையும். அவ்வளவுதான். ஆனால் நிறம், எண்ணிக்கை, வரிசை, ஞாபகம் எல்லாம் அதில் இருந்தன. மருத்துவர் கேட்டதெல்லாம் அந்தப் பலகையில் இருந்தது.

"கேம்புல அவனுவ வெளையாடுவானுவ. நான் தூரத்துல நின்னு பாத்ததோட செரி," என்று சொல்லிக்கொண்டே கணவர் பலகை முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டார். நான்தான் திணறினேன். பலகையைவிட அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என் சீட்டுகளில் கவனமில்லை.

"ஏட்டி, இது வெளையாட்டா பரீட்சையா? உன் மூஞ்சியப் பாத்தா மார்க்கு போடுக மாதிரியில்லா இருக்கு."

"மழைக்கு வேற என்ன செய்ய? சும்மா வெளையாடுங்க."

ஆட்டம் முடிந்ததும் அவர் காலாற நடக்கப் போவார். நான் சமையலறைக்குப் போய் நோட்டை எடுப்பேன். முதல் இரண்டு மாதத்தில் இரண்டே குறிப்புகள். ஆறு கட்டப் பாதையில் ஐந்து பெட்டி வைத்தார். ஓர் ஊரின் பெயரை இன்னொன்றாகச் சொன்னார். இரண்டாவதை எழுதிய மறுநாள் பள்ளியில் ஒரு பக்கம் முழுவதும் வருகையைத் தப்பாகப் போட்டேன், வேலைக்குச் சேர்ந்தபின் முதல் தடவையாக.

நான்காம் மாதம் கொழுந்தனார் போன் செய்தார். அவரும் அதே கம்பெனியில் இருந்தார். ஒரு மாத லீவில் வந்துவிட்டு, திரும்பும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"மைனி, அண்ணன் அந்த ரயிலுப் பெட்டியத் தெறந்து வெளையாடுகாராமே. இங்க கடையில அதுக்குக் கூடுதல் பெட்டி மூணு வச்சிருக்கான். எது வேணும், சட்டுனு சொல்லுங்க. காரு நிக்குது."

ஒன்று, சுரங்கப் பாதைகளும் கப்பலும் உள்ள பெரிய பலகை. இரண்டாவது, பனிமலை நாடு. மூன்று பேருக்குமேல் ஆட முடியாது, நெருக்கமான பாதைகள், ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவதில் பலகையே கிடையாது. நம்மிடம் இருக்கும் பலகைக்கே புதிய பயணச்சீட்டுகள் மட்டும்.

கணவர் பக்கத்தில்தான் இருந்தார். "தொரங்கம் உள்ளத வாங்கச் சொல்லு. இங்கோடி உள்ள போயி அங்கோடி வெளிய வரணும். அது கொள்ளாம், நல்லா இருக்கும்."

சுரங்கம் என்றால் என்ன விதி என்று கொழுந்தனாரைப் பெட்டியின் பின்பக்கம் படிக்கச் சொன்னேன். பாதை போட்ட பிறகு சீட்டுக்கட்டிலிருந்து மூன்று சீட்டுகளைத் திறக்க வேண்டும். அவற்றில் என்ன வருகிறதோ அதற்கேற்ப மேலும் கொடுக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் முறை போயிற்று. எவ்வளவு ஆகும் என்று உள்ளே நுழையும்போது தெரியாது. இவர் அதில் திகைத்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அலுவலகப் புத்தியும் சேர்ந்துகொண்டது: பலகையை மாற்றினால் அவர் செய்யும் தப்பு புதுப் பலகையாலா, தலையாலா என்று எப்படித் தெரியும்? போனோடு முற்றத்துக்குப் போய், "சீட்டு மட்டும் உள்ளத வாங்குங்க தம்பி," என்றேன். உள்ளே வந்து, மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டதாம் என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய் மூன்று வாரம்தான் தாங்கியது. கொழுந்தனார் வந்த அன்றே, பெட்டியைப் பிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "தொரங்கம் நல்லா இருந்தது அண்ணே. மைனிதான் வேண்டாமுன்னு செல்லிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "என்னையக் கொச்சுப் பிள்ளையாக்கியாச்சு இல்லியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு புதுச் சீட்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார்.

மூன்று பேராக ஆடத் தொடங்கியதும் நோட்டு நிறைய ஆரம்பித்தது. எனக்கு இடப்பக்கம் அவர், வலப்பக்கம் கொழுந்தனார். விதிப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டிருந்தது. முறை இடப்பக்கமாகப் போக வேண்டும். நான் ஆடி முடித்ததும் அவர் ஆட வேண்டும். அவர் ஆடவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். "உங்க முறை," என்று நான் சொன்னபிறகுதான் சீட்டை எடுத்தார். தான் ஆடி முடித்ததும் என்னைப் பார்த்தார், நான் ஏதோ செய்ய வேண்டும் என்பதுபோல. தம்பி ஆடியதும், என் முறை வருவதற்குள் சீட்டுக்கட்டின் மேல் கை வைத்தார்.

"இது என் முறையில்லியா?"

"ஓ... செரி செரி. எடு."

கொழுந்தனார் மொபைலைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறவர். நான் கூப்பிட்டால் ஆடுவார், இல்லாவிட்டால் இல்லை. அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று நினைத்தேன். மருத்துவர் சொன்ன வார்த்தையே காதில் நின்றது: பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது. மூன்று வாரத்தில் நோட்டில் பதினேழு குறிப்புகள் ஆயின. 'முறை தெரியாமல் காத்திருந்தார்.' 'முறை மாறி ஆடினார்.' 'யார் முறை என்று கேட்டார்.' மருத்துவரிடம் போக ஒன்பது நாள் இருந்தது. சாரத்தில் அவர் அடுத்த குழாய் எது என்று தெரியாமல் நிற்பதை விழித்துக்கொண்டே கனவு கண்டேன். பள்ளியில் மாணவர் பெயர்களை வாசிக்கும்போதும் அந்தக் காட்சிதான்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து திரும்பும் வழியில், கோயிலுக்குப் பின்னால் உள்ள வலைக் கொட்டகையில் இவரும் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் பாய் விரித்து இருபத்தெட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையில் ஆண்கள் எல்லோரும் சிறு வயது முதலே ஆடும் சீட்டாட்டம் அது. எங்கள் வீட்டில் பெண்கள் சீட்டைத் தொடக்கூடாது. அது எப்படிப் போகும் என்று நான் பார்த்ததே இல்லை. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிராளிகளுக்கு முன்னால் அவர் தடுமாறினால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் நின்றேன்.

தடுமாறவில்லை. சீட்டைத் தரையில் அறைந்து போட்டார். "லேய், துருப்பு எங்க போச்சுன்னு நான் அப்பமே செல்லுனேன் இல்லியா? மண்டைக்குள்ள என்ன, கணவாய் மீனு மையா?" என்று எதிரில் இருந்தவரைக் கேலி செய்தார். அவருக்கு அடுத்து ஆடியவர் அவருக்கு வலப்பக்கம் இருந்தவர். அதற்கடுத்து அவருக்கும் வலப்பக்கம். சுற்று மூன்று தடவை போகும்வரை எண்ணினேன். வலப்பக்கமாகத்தான் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனாரிடம் கேட்டேன்.

"சீட்டு எப்பவும் அப்பிடித்தானே மைனி போவும். வலத்தோட்டு."

"அப்ப ரயிலு?"

"அதுவும் சீட்டுதானே? நீங்க இடத்தோட்டு போறீங்க, எங்களுக்குக் கையி வரமாட்டேங்குது. மைனி புஸ்தகம் படிச்ச ஆளு, எதுக்கு வாயக் குடுக்கணும்னு சும்மா இருந்தோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பள்ளிக்கூடத்துல பிள்ளைகளக் கூப்பிடுக மாதிரியில்லா கூப்பிடுகீங்க," என்று சிரித்தார்.

முப்பது ஆண்டாக வலப்பக்கம் போன கை. நான் இடப்பக்கம் போகச் சொல்லி, அது போகாததை நோயென்று எழுதியிருக்கிறேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டையும் அடிக்கோலையும் எடுத்தேன். ஒவ்வொரு குறிப்பாகச் சிவப்பு மையில் அடித்தேன். ஆறு கட்டத்தில் ஐந்து பெட்டி என்பதையும், ஊர்ப் பெயரையும் அடித்தேன்; ஐந்தும் ஆறும் யாருக்கும் தப்பும், அந்த ஊர்ப் பெயர்கள் எனக்கே வாயில் வராது. பதினைந்து, பதினாறு. பதினேழாவதில் அடிக்கோலை வைத்தபோதுதான் கை நின்றது.

'யார் முறை என்று கேட்டார்.' புதன்கிழமை, மாலை ஐந்தேகால்.

எழுத்தில் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த மாலை எனக்கு நினைவிருந்தது. அன்று கொழுந்தனார் வீட்டில் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான் ஆடினோம். இரண்டு பேர் ஆடும்போது இடம் ஏது, வலம் ஏது? அவர் கையில் ஒரு பச்சைச் சீட்டு இருந்தது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டேன். சீட்டு விரலிலிருந்து நழுவி பக்கத்தில் இருந்த டம்ளருக்குள் விழுந்தது. அதன்பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல, "ஆரு முறை?" என்றார். அவசரத்தில் கடைசிக் கேள்வியை மட்டும் எழுதியிருக்கிறேன். என்னுடைய பதினாறு தப்புகளுக்கு நடுவே அவருடைய ஒன்று ஒளிந்திருந்தது. நிம்மதியில் அதையும் அடித்திருப்பேன்.

எட்டு நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதும் தெரியும். கொழுந்தனார் இரண்டு டிக்கெட்டுக்கும் சொல்லி வைத்திருந்தார். இவர் பழைய ஷூவை எடுத்து பாலிஷ் போட்டார்.

மருத்துவரிடம் இந்தத் தடவை இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். நோட்டை மேசைமேல் வைத்தேன். சிவப்புக் கோடுகளுக்குக் கீழே அடிக்காமல் விட்ட ஒரே வரி இருந்தது. மருத்துவர் அதைச் சத்தமாக வாசித்து, "இது என்ன?" என்று கேட்டார். நான் பச்சைச் சீட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். கணவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படி ஒரு நோட்டு இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணு இல்ல டாக்டர்," என்றார். "மூணு. இது எனக்குத் தெரியாது. மத்த ரெண்டும் தெரியும்."

ஒன்று, சவரம் செய்யும்போது. வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்து காலை நனைத்தபிறகுதான் தெரிந்ததாம். மற்றது, மொட்டை மாடிக்குத் தேங்காய் காயப்போடப் போனபோது, படியில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே நான் துணி துவைத்துக்கொண்டிருந்த சத்தம் முதலில் கேட்டதாம்.

"எதுக்கு என்கிட்ட செல்லல?" என்று மருத்துவர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"உன் மூஞ்சிய வச்சிட்டு எப்பிடிட்டீ செல்ல?" என்றார்.

மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதினார். உயரத்தில் ஏறும் வேலை இனி வேண்டாம், இந்த மருந்து பிடிக்கிறதா என்று மூன்று மாதம் பார்ப்போம், வீட்டு மாடிக்குக்கூடத் தனியாகப் போகக் கூடாது என்றார். சான்றிதழ்த் தாள் மேசையில் எழுதப்படாமலே இருந்தது. பிறகு நோட்டை என் பக்கம் தள்ளி, "அந்த ரெண்டையும் எழுதுங்க," என்றார்.

நான் பேனாவைத் திறந்தேன். எந்த நாள் என்று அவரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தார். அவருக்கு நினைவில்லை. நாள், கிழமை, நேரம் மூன்றையும் வெறுமையாக விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.