கைப்பிடிக்காரம்மாவின் மண் டப்பா

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை மண் பிசைந்தது. வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. சமையலறை மேடையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, இரண்டு கிலோ களிமண்ணை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். வாரக் கடைசியில் அம்மா வெளியூர் கிளம்பவேண்டும். அதற்குள் மண் பதமாகியிருக்க வேண்டும்.

"அழுத்தாதடி. அது என்ன உன் எதிரியா?"

"கட்டி இருக்கும்மா."

"இருந்தா இருக்கட்டும். நீ பிசையறதைப் பார்த்தா மண்ணே மன்னிப்புக் கேட்டுடும் போல."

பிசைந்த மண்ணைத் தகர டப்பாவில் அடைத்து, மேலே ஈரத்துணியை விரித்தார் அம்மா. நீலக் கோடு போட்ட பழைய துணி. அதை விரிக்கும்போதெல்லாம் ஒரே வசனம்தான். "இது ரொட்டிக்காரரோட துணி. திருப்பிக் கொடுக்கணும்." ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கையைத் துடைத்துவிட்டு, மேடையோரம் இருந்த புதுக் கத்தியை எடுத்தார். நாணலைப் பிளக்கிற சின்னக் கத்தி. அலகை ஒரு கொல்லர் அடித்துக் கொடுத்திருந்தார். மரப் பிடியை மகள், அம்மா இரவல் வாங்கிவந்த பழைய கத்தியைப் பார்த்து, தன் தொழிற்சாலையில் கடைந்து முந்தின நாள்தான் கொண்டுவந்திருந்தாள். அம்மா அதைக் கையில் பிடித்தார். பிடித்தவுடன் குனிந்து பார்த்தார்.

அது கெட்ட சகுனம் என்று மகளுக்குத் தெரியும். பிடித்தவர் குனிந்து பார்க்கவில்லை என்றால் கைப்பிடி சரி, பார்த்தால் தப்பு. அம்மாவிடம் இருந்த ஒரே பரிசோதனை அதுதான்.

"பழைய பிடி ஒரு பக்கமாச் சாய்ஞ்சு இருந்துச்சே, அந்தச் சாய்வு எங்க?"

"நாலு மில்லிமீட்டர் தேய்மானம்மா அது. சரி பண்ணிட்டேன்."

"தேய்மானம் இல்லடி. அந்தக் கூடைக்காரம்மாவுக்குச் சுண்டுவிரல் கிடையாது. அந்தக் கை அப்படித்தான் பிடிக்கும். நீ எந்தக் கையைச் சரி பண்ணினே?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல, மில்லி?"

மில்லிமீட்டரைச் சுருக்கி அம்மா வைத்த பட்டப்பெயர் அது. மகள் பம்புகள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். உதிரி பாகங்களை அளப்பாள். அளவு தப்பினால் சிவப்பு மை வைத்து ஒதுக்குவாள். பதினோரு வருடமாக அதே வேலை. கோணலாக எதைக் கண்டாலும் கை பரபரக்கும்.

"சாயங்காலம் பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். குரலில் கொஞ்சம் கடுப்பு இருந்தது.

அன்று பதினொன்றரை மணிக்கு, பேருந்து நிலையத்தில் முன்பதிவு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அம்மா சரிந்து விழுந்தார். இதயம். அவருக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்களாம்.

அம்மா கைப்பிடி வடிவமைப்பாளர். அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்பவர்களிடம், "எல்லாரும் பாத்திரம் பண்றாங்க. நான் அதைத் தூக்குற இடத்தைப் பண்றேன்," என்பார். இருபத்தாறு வயதில் ஒரு பாத்திரக் கம்பெனியின் வரைபட அறையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். எட்டு மாதம் பாடுபட்டு ஒரு கெட்டிலுக்குக் கைப்பிடி வரைந்தார். கெட்டில் கடைகளுக்கு வந்தது. ஒருநாள் தெருவோர டீக்கடையில் அதே கெட்டிலைப் பார்த்தார். கைப்பிடியின்மேல் கந்தல் துணி சுற்றியிருந்தது.

"ஏங்க துணி சுத்தியிருக்கீங்க?"

"சுடுதே. இதைப் பண்ணினவன் கையில ஒரு நாள் டீயை ஊத்தணும்," என்றாளாம் கடைக்காரி.

தான்தான் அது என்று அம்மா சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தார். மறுவாரம் வேலையை விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பற்றி யோசிக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் அவர் சரியாக உட்காரவே இல்லை. சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். வீட்டில் சேர்ந்தாற்போல் பத்து நாள் இருந்தால் பதினோராம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். பயணப் பையை முழுதாகக் காலி செய்து யாரும் பார்த்ததில்லை. கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பினார். வரைவதற்கு நான்கு நாள், அதற்கு முன் திரிவதற்கு நாற்பது நாள்.

எங்கே கையால் வேலை நடக்கிறதோ அங்கே போவார். அரை நாள் சும்மா பார்ப்பார். வேலைக்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில், சாப்பிடுவதையே வாங்கிச் சாப்பிடுவார். பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு கைப்பிடி மண்ணை நீட்டுவார். "உங்க வேலையை நினைச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவை பிடிங்க." பிடிப்பார்கள். விரல்கள் பதிந்த அந்த மண் காய்ந்ததும், அடியில் ஆணியால் கீறி எழுதுவார். தொழிலின் பெயர், கூடவே இரண்டொரு சொல். ஊர்ப் பெயர் எழுதவே மாட்டார். "ஊர் எனக்கு ஞாபகம் இருக்கும். கைதான் மறந்துபோகும்," என்பார்.

அப்படி அறுபத்து மூன்று அச்சுகள், அப்பாவின் தையல் மெஷினுக்கு மேலே பலகையில் வரிசையாக இருந்தன. அப்பா தையல்காரர், அம்மா நடந்ததற்கெல்லாம் சேர்த்து உட்கார்ந்தவர். "என் தலைக்கு மேல அறுபத்து மூணு பேரோட கை இருக்கு. எவன் என்னைக்குக் குட்டுவான்னு தெரியல," என்று துணி கொடுக்க வருபவர்களிடம் சொல்லுவார்.

அம்மா திரும்பி வந்ததும் ஊர்கள் வாய்வழியாக இறங்கும். உப்பளத்தில் மதியச் சாப்பாட்டில் உப்பே போடமாட்டார்களாம், காற்றில் வருவது போதுமாம். மலைமேல் ஓரிடத்தில் சுட்ட ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்களாம், பாதி வழி குளிருக்கு, மீதி வழி பசிக்கு. கல் செதுக்கும் பள்ளத்தாக்கில் சூப்பின்மேல் வெள்ளைத் தூள் படிந்திருக்கும், அதை ஊதிவிட்டுக் குடிக்க வேண்டும். "அந்தக் கடற்கரையில காத்து எப்பவும் இடப்பக்கமிருந்துதான் அடிக்குது. அங்க வலை பின்னுறவங்க எல்லாருக்கும் வலது தோள் தூக்கியிருக்கு. வீட்டுக்குள்ள உட்கார்ந்தாலும் இறங்க மாட்டேங்குது." ஒருமுறை புகை போட்ட மீனைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். நடத்துனர் பாதி வழியில் அவரையும் மீனையும் பேருந்தின் கடைசி இருக்கைக்கு அனுப்பிவிட்டார்.

போகும்போது திரும்பி வருவதற்குச் சீட்டு எடுத்ததே இல்லை. "உங்கம்மாவுக்குப் போகத் தெரியும். வரத்தான் வழி கேட்பா," என்பார் அப்பா. மகளின் பிறந்தநாள்களில் பாதிக்கு அம்மா தொலைபேசியில்தான் இருந்தார். பின்னால் எந்திரச் சத்தமோ ஆட்டுச் சத்தமோ கேட்கும். மகள் எங்கே போனாலும் முதலில் திரும்பி வரச் சீட்டு எடுத்துவிட்டுத்தான் போகச் சீட்டு எடுப்பாள்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு கருவியின் பிடி மனதைப் பிடித்துவிட்டால் அதை இரவல் கேட்பார். திருப்பிக் கொடுக்கும்போது அதே பிடியில் இன்னொன்றும் செய்து இரண்டாகக் கொடுப்பார். நேரில்தான் கொடுப்பார். கருவிக்குச் சொந்தக்காரர் அதைப் பிடிப்பதைப் பார்க்கவேண்டுமே. கூடைக்காரம்மாவின் கத்தி அப்படி வந்ததுதான். ஏரியில் தண்ணீர் இறங்கி நாணல் அறுப்பு தொடங்குவதற்குள் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார்.

அம்மா போன பிறகு மகள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியவில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து சமையலறைக்கும் நடந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். பால் பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் நடந்தாள்.

"உட்காரும்மா," என்றார் அப்பா. "உங்கம்மா நடந்ததே இந்தத் தரைக்குப் போதும்."

ஒன்பதாம் நாள் அம்மாவின் செல்போன் அடித்தது. கூடைக்காரம்மா.

"என்ன, ஆளையே காணோம்? தண்ணி இறங்கிடுச்சு. நாங்க அறுக்க ஆரம்பிச்சாச்சு. இரவல் கத்தியில பிளந்து பிளந்து கையெல்லாம் கொப்புளம்."

மகள் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ நாணல் கட்டைத் தரையில் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கத்தியை நாளைக்கே கொரியர்ல அனுப்பிடறேங்க," என்றாள் மகள்.

"அனுப்பும்மா. வேற என்ன பண்றது." சற்றுப் பொறுத்து, "கூட ஒண்ணு கொண்டுவர்றேன்னு சொன்னாங்க. நான் பிடிக்கும்போது அவங்க என் முகத்தைத்தான் பார்ப்பாங்களாம், கையைப் பார்க்க மாட்டாங்களாம். நாங்க எல்லாரும் சிரிச்சோம். சரி விடும்மா."

கொரியர் அனுப்பியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அட்டைப்பெட்டியில் பழைய கத்தியை வைத்தபோது பெட்டியில் இன்னொரு கத்திக்கும் இடம் இருந்தது. மகளுக்கு அதைத் தாண்டி டேப் ஒட்டக் கை வரவில்லை. சரியான இன்னொரு பிடியை யார் செய்வது? அம்மா கடைசியாகத் தப்பு என்று சொன்ன பொருள் அவள் செய்தது.

பலகையிலிருந்து கூடைக்காரம்மாவின் அச்சை இறக்கினாள். மண் காயும்போது நூற்றுக்கு ஏழு சுருங்கும். அதைக் கூட்டிக் கணக்கிட்டாள். மூன்று விரல் பள்ளங்கள். நான்காவது இருக்கவேண்டிய இடத்தில் மண் வழுவழுவென்று சாய்ந்து இறங்கியது. பழைய பிடியின் சாய்வும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. நாலு மில்லிமீட்டர், இம்மியும் பிசகவில்லை.

ஆனால் அச்சின் மேல்முனையில் இன்னொரு பள்ளம் இருந்தது. ஆழமில்லாத, வட்டமான பள்ளம். பழைய பிடியில் அப்படி எதுவும் இல்லை. இதைச் சேர்ப்பதா விடுவதா? இந்தமுறை கேட்காமல் எதையும் திருத்தக்கூடாது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உப்பளக்காரரின் அச்சை இறக்கினாள். அதிலும் அதே இடத்தில் அதே பள்ளம். கல் செதுக்குபவர், வலைக்காரி, துடைப்பம் கட்டுபவர், எல்லோரிடமும் இருந்தது. இருபது அச்சு பார்த்ததும் நிறுத்தினாள். அவளுடைய தொழிலில் இது பாலபாடம். எல்லாப் பொருளிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை வந்தால் குறை பொருளில் இல்லை, அளந்தவரிடம் இருக்கிறது.

பிடித்து முடித்த ஈரமண்ணை, அவர்கள் கையிலிருந்து அலுங்காமல் வாங்க, அம்மா மேல்முனையில் கட்டைவிரலை வைத்துத் தூக்குவார்.

மகள் தன் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் லூசாக இருந்தது. அப்பா மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளத்தை அவள் பிடியில் சேர்க்கவில்லை. எந்திரத்துக்கும் போகவில்லை. மரத்துண்டை மேடையில் வைத்து அரத்தால் மூன்று நாள் ராவினாள். சாய்வு வந்ததும் உப்புத்தாள் போட்டு, புதுக் கத்தியின் அலகைக் கழற்றி அதில் பொருத்தினாள். அளவு பார்க்கும் வெர்னியரை ஒரே ஒருமுறைதான் கையில் எடுத்தாள். அதுவும் பழக்கதோஷம்.

பேருந்தில் ஒன்பது மணி நேரம். ஏரியின் தண்ணீர் பின்வாங்கிச் சேறு பளபளத்தது. கரையோரக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் நாணல் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். கூடைக்காரம்மா அவளைப் பார்த்ததும் எழுந்துவந்து கன்னத்தைத் தொட்டார். கை ஈரமாக இருந்தது. மகளுக்கு ஒரு கிண்ணம் சூடான சூப் கொடுத்தார்கள். அது என்ன சூப் என்று அம்மா இருந்தால் கேட்டிருப்பார்.

மகள் இரண்டு கத்திகளையும் துணியில் சுற்றியபடியே நீட்டினாள். கூடைக்காரம்மா ஒன்றை எடுத்தார். அதற்குள் பக்கத்துப் பெண், "உன் இடத்துல உட்கார்ந்துட்டேன்னு அப்புறம் சண்டைக்கு வராத," என்றாள்.

"என் பாய்மேல உட்கார்ந்துக்கிட்டு நியாயம் வேற பேசறியா? போன வருஷமும் இதேதான் பண்ணினே," என்று திட்டிக்கொண்டே கூடைக்காரம்மா உட்கார்ந்தார். ஒரு நாணலை இழுத்துப் பிளந்தார். இன்னொன்று. "உன் பாய்க்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள் பக்கத்துப் பெண். மூன்றாவது, நான்காவது. மகள் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் பக்கத்துப் பெண்ணைவிட்டு நகரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாணல் ஆனதும்தான் ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "ஆமா, அந்தப் புதுசு எங்கம்மா?"

"உங்க கையிலதான் இருக்கு."

சூப் ஆறிவிட்டிருந்தது. மகள் அதை நின்றுகொண்டே குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மண் டப்பாவைத் திறந்தாள். யாரும் தண்ணீர் தெளிக்காததால் துணி காய்ந்து மொடமொடத்தது. மண்ணின் மேல்பகுதி வெடித்திருந்தது. துணியை எடுத்து அலசினாள். பிழியும்போது அப்பா, "இங்க கொண்டா," என்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரொட்டிக்காரர் துணிப்பா. திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"நாலு ஓரமும் கையால மடிச்சுத் தைச்சிருக்கு. தையல் எல்லாம் எதிர்ப்பக்கமாச் சாயுது பாரு. இடதுகைக்காரர் வேலை."

பலகையில் ரொட்டிக்காரர்களின் அச்சு நான்கு இருந்தன. மூன்று வலது கை. நான்காவதை எடுத்தாள். இடது கை. அதைத் திருப்பி, ஆணியால் கீறியிருந்ததைப் படித்தாள்.

"ஊர் போட்டிருக்கா?" என்றார் அப்பா.

"'ரொட்டிக்காரர். மேட்டுத் தெரு. நாய் நல்லது'ன்னு போட்டிருக்கு."

அப்பா துணியை உதறிக் கொடியில் போட்டார். "ஆறு வருஷத்துல அந்த நாயும் எப்படியிருக்கோ," என்றார்.

துணி காய்ந்ததும் இஸ்திரி போட்டு நான்காக மடித்துக் கொடுத்தார். மகள் அதை அம்மாவின் பயணப் பையில் வைத்தாள். மண்ணுக்கு வேறு துணி போட்டு மூடினாள்.