எங்கள் தெரு ஆஸ்பத்திரியை அரசாங்கம் கேட்டபோது

மதுரையில் மகாலுக்குப் பின்பக்கம் இருந்த எங்கள் தெருவுக்குச் சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. சொந்தம் என்பதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. இடம் ஒருவர் கொடுத்தது, சுவர் இன்னொருவர் எழுப்பியது, நோயாளிகள் உட்காரும் பெஞ்சுகள் ஒரு கல்யாண வீட்டார் செய்து போட்டவை. வெள்ளிக்கிழமைகளில் உலை வைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஆஸ்பத்திரிக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். சேர்ந்த அரிசியை விற்று மருந்து வாங்குவார்கள். அதனால் அங்கே ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்கள் யாரும் இலவசமாகப் போட்டுக்கொண்டதாக நினைத்ததே கிடையாது. வெளியாள் யாராவது "தர்ம ஆஸ்பத்திரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், என் பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். யாருக்கு யார் தர்மம் செய்தது என்று ஆரம்பித்தால் சொன்னவர் காப்பி குடித்துவிட்டுத்தான் தப்பிக்க முடியும்.

பெரியப்பாதான் ஆஸ்பத்திரிக்குத் தலைவர். சுங்குடிச் சேலை வியாபாரம். குரல் மட்டும் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் அளவுக்கு இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. முறையாகப் படித்துவிட்டு வந்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தெரு அவளுக்குச் சம்பளம் என்று பெயருக்கு ஏதோ கொடுத்தது. பசுமலையிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு டாக்டர் வருவார். அவர் வருவதும் ஆஸ்பத்திரி திறப்பதும் சாயங்காலம் தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான். பகலில் காய்ச்சல் பார்க்கப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பது எங்கள் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, இந்த ஆஸ்பத்திரியை அரசாங்கமே எடுத்து நடத்தப்போகிறது என்று ஒரு சேதி வந்தது. புதுக் கட்டடம், முழுநேர டாக்டர், மருந்து மாத்திரை எல்லாம் சும்மா. நல்ல சேதிதானே என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் தெருவில் அது இழவுச் சேதி மாதிரி வந்து இறங்கியது. காலையில் திறந்து மத்தியானம் பூட்டிவிடுவார்களாம் என்றார்கள். டாக்டரை எங்கேயோ மாற்றிவிட்டு வேறு யாரையோ போடுவார்களாம் என்றார்கள். அரிசி போட வேண்டாமாம் என்று யாரோ சொன்னபோது என் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷம் போட்ட கையை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இவர்கள் யார் என்று கேட்டாள்.

எதிர்ப்புக் காட்டத் தெருவெல்லாம் கறுப்புக்கொடி கட்டுவது என்று முடிவானது. எங்கள் ஆட்கள் சாயத்தில் பிறந்து சாயத்தில் வளர்ந்தவர்கள். ஆனாலும் வாழ்நாளில் துக்கத்துக்குச் சாயம் போட்டுப் பழக்கமில்லை. அவசரத்தில் பட்டறையில் கிடந்த துணிகளை எல்லாம் அள்ளிக் கறுப்பில் முக்கினார்கள். அதில் பாதி, சேலைக்காக முடிச்சுப் போட்டு வைத்திருந்த துணி. காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் கறுப்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். நேரமில்லாமல் அதையே கட்டினார்கள். அரசாங்கத்தை எதிர்த்து அவ்வளவு அழகான கொடி வேறெங்கும் பறந்திருக்காது. தெருவில் போன பெண்கள் இரண்டு பேர் அது விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணனும் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவர் பேரையூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் ஆள் இல்லை. ஆனாலும் அவர் வீட்டிலிருந்தும் வெள்ளிக்கிழமை அரிசி வந்துவிடும்.

"நான் எட்டு மணிக்குத்தாண்ணே கடையைச் சாத்துறேன். அதுக்கப்புறம் பிள்ளையத் தூக்கிட்டுப் போனா எந்தக் கவர்மெண்டு எனக்குக் கதவத் திறக்கும்?" என்று அவர் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா அதை அப்படியே மனப்பாடம் செய்து மைக்கில் தன் சொந்தக் கேள்வியாகக் கேட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தெருக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு மேலே எழுதி அனுப்புவது அவர் வேலை. அவர் எழுதுவதை வைத்துத்தான் ஆஸ்பத்திரி எங்கள் கையில் இருக்குமா, போகுமா என்று முடிவாகும். இதைப் பெரியப்பா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். கூட்டம் பெரிதாகத் தெரியட்டும் என்று எங்களை மாதிரிப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி ஹாலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அதிகாரி கறுப்பாக, சற்றுத் தொப்பையாக, சாதுவாக இருந்தார். தமிழில் சேலத்துப் பக்கத்து வாடை அடித்தது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் குஜராத்திலிருந்து வந்தவர்கள், வீட்டில் பேசுவது எங்கள் பாஷை. புதிதாக ஒருவர் வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன் ஊர் எது, குடும்பத்தின் வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டுவிடுவோம். அதைக் கேட்காமல் எங்கள் தெருவில் ஒருவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு இருந்த கோபத்தில் அதை யாரும் கேட்கவில்லை. வந்திருப்பது அரசாங்கம், அதற்கு ஏது ஊர், ஏது வீட்டுப் பெயர் என்று விட்டுவிட்டார்கள்.

கூட்டம் இரண்டு பாஷையில் நடந்தது. அதிகாரியிடம் தமிழ், எங்களுக்குள் எங்கள் பாஷை. அது வேறு யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் வாய்கள் தாராளமாகத் திறந்தன. அவர் தொப்பையைப் பார்த்து, அரசாங்கம் எதைச் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிட்டது என்றார் ஒருவர். காப்பி கொடுப்பதா வேண்டாமா என்று பெண்கள் பக்கம் ஒரு விவாதம் ஓடியது. ஆஸ்பத்திரியைப் பிடுங்க வந்தவருக்கு இரண்டாம் டிகாஷனே ஜாஸ்தி என்று என் அம்மா தீர்ப்புச் சொன்னாள். அவ்வளவையும் சிரித்த முகத்தோடு சொன்னார்கள். அவரும் சிரித்த முகத்தோடு அந்தக் காப்பியை வாங்கிக்கொண்டார்.

பெரியப்பா தமிழில் முழங்கினார். "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல சார். இங்க வந்து கதவத் தட்டி இல்லைன்னு திரும்பிப் போனவுக ஒருத்தரும் கிடையாது. கவர்மெண்டு எங்க மேல கை வைக்காம இருந்தாலே எங்களுக்குப் பாதி வியாதி வராது."

கைதட்டல் அடங்கும்வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு அத்தையைக் காட்டி, அரசாங்கம் எடுத்துக்கொண்டால் இந்த சிஸ்டரையும் அரசு நர்ஸாகவே எடுத்துக்கொள்வார்கள், நிரந்தர வேலை, கடைசிவரைக்கும் பென்ஷன் உண்டு என்றார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவள் சுவரோரமாக நின்று பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை தலையைத் தூக்காமல் எங்கள் பாஷையில் பெரியப்பாவிடம் பேசினாள். எனக்காக யாரும் யோசிக்க வேண்டாம். ஆனால் குறையே இல்லை என்று சொல்லாதீர்கள் அண்ணா. போன மாதம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பச்சைக் குழந்தையை ஆட்டோவில் மடியில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். நம்மிடம் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அது என் மடியிலேயே போயிருக்கும். நம் வீம்பு அந்தக் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்காது. அப்படித்தான் சொன்னாள்.

பெரியப்பா பல்லைக் கடித்தார். எதிராளி முன்னால் வீட்டு ஓட்டையைக் காட்டுகிறாயே, வாயை மூடு என்று எங்கள் பாஷையில் அவளை அதட்டினார். ஆளாளுக்கு அவளை அதட்டினார்கள். எனக்கும் அவள் மேல் கோபம் வந்தது. பிறகு பெரியப்பா முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பி, "சாருக்கு இன்னொரு காப்பி?" என்று தமிழில் கேட்டார்.

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். முதல் டிகாஷன் மிச்சம் இருந்தால் ஒரு வாய் குடிக்கலாம் என்றார். எங்கள் பாஷையில், சுத்தமாக, எங்களைவிட நிதானமாகச் சொன்னார்.

சேலத்திலும் எங்கள் ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது அந்த நிமிஷத்தில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொப்பையைப் பற்றிப் பேசியவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். பெரியப்பாவின் வாயிலிருந்து சத்தம் வராமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். எங்கள் பாஷை தெரியாத கடைக்கார அண்ணன்தான் திருதிருவென்று விழித்தார்.

"என்னண்ணே ஆச்சு? சார் என்ன சொன்னாரு? ஏன் அம்புட்டுப் பேரும் ஊமையாயிட்டீங்க?"

அதிகாரி எழுந்து நேராக அத்தையிடம் போனார். அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். அடுத்த குழந்தையும் இப்படித் தப்பிக்குமா, ஏன் பிடிவாதம் பிடிக்கிறீர்கள், அரசாங்கம் எடுத்துக்கொண்டால் சிலிண்டரும் வரும், உனக்கும் ஒரு வழி பிறக்கும், உன் அண்ணன்மாருக்காகச் சொல்லாதே, உனக்காக யோசித்துச் சொல் என்றார். கூடப் பிறந்தவளிடம் பேசுவது மாதிரிதான் பேசினார்.

அத்தை பஞ்சைக் கீழே வைத்தாள். சிலிண்டர் வேண்டும், தடுப்பூசி மருந்து வைக்க ஐஸ் பெட்டி வேண்டும், அதைக் கேட்க எனக்கு வெட்கமில்லை, நாங்களும் வரி கட்டுகிறோம் என்றாள். ஆனால் சாவி எங்களிடம்தான் இருக்க வேண்டும். ராத்திரி யார் வந்து தட்டினாலும் நான் திறக்கிறேன். யாரையும் கேட்டுவிட்டுத் திறப்பதில்லை. நாளைக்கு நான் ஒரு தப்புச் செய்தால் இந்தத் தெரு என் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்கும். மேலேயிருந்து ஒருவர் உத்தரவு போட்டு நான் தப்புச் செய்தால், இவர்கள் யாரை, எங்கே போய்க் கேட்பார்கள்? அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

குரல் உயரவே இல்லை. பெரியப்பா மைக் வைத்து ஒரு மாதம் பேசியதெல்லாம் அந்தச் சின்னக் குரலில் அடங்கியிருந்தது. அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு அம்மா கொண்டுவந்த முதல் டிகாஷன் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். தெருவே வாசலுக்கு வந்து, அப்போதுதான், அவர் வீட்டுப் பெயரைக் கேட்டது.

அவர் நினைத்திருந்தால் எங்கள் வாயிலிருந்து விழுந்ததை வைத்தே எங்களை முடித்திருக்கலாம். அப்படி எழுதவில்லை. சில மாதங்கள் கழித்துச் சேதி வந்தது. ஆஸ்பத்திரி தெருவின் கையிலேயே இருக்கும், சிலிண்டரும் ஐஸ் பெட்டியும் வரும், புதன்கிழமை தோறும் தடுப்பூசி போட அரசு நர்ஸ் ஒருவர் வந்து போவார் என்று. சிலிண்டர் வந்து இறங்கிய அன்று தெரு கொண்டாடித் தீர்த்துவிட்டது. சரவெடி, மேளம், வீட்டுக்கு வீடு முள்ளுமுருங்கை வடை. பெரியப்பாவை மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கடைக்கார அண்ணன் முன்னால் ஆடிக்கொண்டு போனார். சாதாரண நெசவாளிகள் சேர்ந்து தங்கள் பிடி அரிசியைக் காப்பாற்றிக்கொண்ட நாள் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அத்தையைக் காணவில்லை என்று ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். புதிதாக வந்த சிலிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஜெயித்துவிட்டோமே, ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். வெடிப்புகை என்றாள். உனக்கு வடை தீர்ந்துபோகும், ஓடு என்று என்னைத் திருப்பி அனுப்பினாள். நானும் ஓடிவிட்டேன்.

பிற்காலத்தில் எனக்கு அரசு வேலை கிடைத்தபோது, அரசாங்கமே வேண்டாம் என்று நின்ற அதே தெரு எனக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தது. பென்ஷன் உள்ள வேலை என்று என் கல்யாணப் பேச்சில் முதல் வரியாக அதைத்தான் சொன்னார்கள். அப்போது அத்தைக்குத் தலை நரைத்துவிட்டது. வளையல் வாங்குவதற்குக்கூட அண்ணன்மார் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. என் தலையில் கை வைத்து, சந்தோஷமாக இரு என்றாள். சொன்னதும் அதே சின்னக் குரலில்தான்.

வெடி வெடித்த அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, எங்கள் பெரியப்பா கவர்மெண்டையே திருப்பி அனுப்பிவிட்டார் என்று வகுப்பு முழுவதுக்கும் சொன்னேன். திருப்பி அனுப்பியது யார் என்றும், எதைத் திருப்பி அனுப்பினாள் என்றும் எனக்கு அப்போது தெரியவில்லை.